கடைசிப் பாடத்தில் ஒரு வேகத்தடை

மாஸ்டருக்குக் கோபம் வர இரண்டே காரணங்கள்தான் உண்டு என்பது அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லாருக்கும் தெரியும். கியர் மாற்றும்போது குனிந்து கியரைப் பார்த்தால் கோபம் வரும். ஒரு தப்பு நடந்தவுடன் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தால் அதைவிடக் கோபம் வரும். "தப்பு பண்ணது பண்ணியாச்சு. வண்டிய நிறுத்தாதீங்க, போயிட்டே இருங்க" என்று அவர் சொல்வது, அவருடைய டிரைவிங் ஸ்கூலின் பெயர்ப் பலகையைவிடப் பிரபலம். ரோடு என்ன சிலேட்டா, துடைத்துவிட்டு மறுபடி எழுத என்றும் கேட்பார். பக்கத்து சீட்டில், தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரைச் சாலைக்குத் தயார்செய்து அனுப்பியவர். அவரிடம் படித்து உருப்படாமல் போனவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது.

அப்பேர்ப்பட்ட மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சட்டையைக் கழற்றிப் போட்டு, பனியனோடு உட்கார்ந்து கிட்டாரைக் கையில் எடுத்தார் என்றால் கதையே வேறு. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதைப் பார்க்க வேண்டுமானால் அந்த நேரத்தில் அந்த வீட்டு ஜன்னலண்டை போய் நின்றால் போதும்.

கிட்டார் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதோடு ஒரு பாடப் புத்தகமும் வந்தது. அதிலிருந்த பாடங்களை எல்லாம் தட்டுத் தடுமாறி முடித்துக்கொண்டே வந்த மாஸ்டர், கடைசிப் பாடத்தில் வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான். ஒரே பக்கம், பேரில்லாத ஒரு மெட்டு, இரண்டு பாதி. முதல் பாதி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாம் பாதியின் வாசலிலேயே ஒரு இடம் இருந்தது. அங்கே இடது கை ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் குறுக்கே படுத்து அமுக்க வேண்டும். மற்ற விரல்கள் ஆளுக்கொரு மூலைக்கு ஓட வேண்டும். மாஸ்டரின் ஆள்காட்டி விரல் படுக்கும், அமுக்காது. 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில், ஈரத் துணியைத் தரையில் போட்டதுபோல 'டொப்' என்று கேட்கும்.

டொப் கேட்டதும் மாஸ்டர் நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டுவார். பழைய குருடி கதவைத் திறடி என்று முதல் வரிக்குப் போய்விடுவார். அதற்கு அவர் வைத்திருந்த நியாயம், முதல் கோணல் முற்றும் கோணல் என்பது. கறை பட்ட சட்டையோடு மேலே போவானேன், கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசாகக் கிளம்பலாமே என்பார். இப்படிப் புதுசு புதுசாகக் கிளம்பியே, கறுப்பாக இருந்த தலை நரைத்துவிட்டது. பாவி மனிதர் முதல் பாதியை எத்தனை ஆயிரம் தடவை வாசித்திருப்பாரோ, அந்தக் கிட்டாருக்கே வாய் இருந்தால் கதறியிருக்கும்.

மகள் பிறந்தபோது அவளைத் தூங்கவைக்க இந்த மெட்டைத்தான் வாசித்தார். டொப் வரும்போது மகள் கண்ணை மூடியிருப்பாள். மாஸ்டர் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து போவார். கொஞ்சம் வளர்ந்து, பாட்டின் முடிவு எப்படியிருக்கும் என்று அவள் கேட்க ஆரம்பித்தபோது, நீதான் அதற்குள் தூங்கிவிடுகிறாயே, நீ தூங்கின பிறகு தினமும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் போகிறேன் என்று கூசாமல் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். அப்பாவின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து சுற்றிய வயதில் அந்த டொப்புக்கு வேகத்தடை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். வீட்டில் எல்லாரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஊரார் துணிகளைத் தைத்துக் கொடுத்துவந்த மாஸ்டரின் மனைவி, "வேகத்தடை வந்தாச்சு, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையும் அவளும் வேலைக்காகத் தூர தேசத்துக்குப் போகிறார்கள். வரவேற்புக்கு மண்டபம் பிடித்தாயிற்று. என்ன பாட்டுப் போடுவது, யார் பாடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது. மாஸ்டரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி போடுகிறவன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மகள்தான் குறுக்கே பேசினாள்.

"நாங்க வாசல்லேருந்து மேடைக்கு நடந்து வர்றப்ப அப்பாதான் வாசிக்கணும். அந்தப் பாட்டு. முழுசா."

மாஸ்டர் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார்.

"நான் அதோட முடிவைக் கேட்டதே இல்லப்பா. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுட்டுப் போறேனே."

மச்சானுக்குப் புரையேறியது. அக்கா அவன் தலையில் தட்டினாள். தட்டியது புரைக்கா, சிரிப்புக்கா என்று தெரியவில்லை. மாஸ்டர் மட்டும் பெரிய மனுஷத் தோரணையில், அதற்கென்ன, வாசித்தால் போச்சு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பெண் கேட்டது நகையா, நட்டா? ஒரு பாட்டின் பின்பாதி. அதைக்கூடக் கொடுக்க வக்கில்லாத அப்பன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்று ஆரம்பித்தது சாதகம். முதலில் பழி கிட்டாரின் மேல் விழுந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். கம்பிகள் பழசு என்று புதுக் கம்பிகள் வந்தன. நாற்காலிக்குக் கை இருப்பதால்தான் முழங்கை இடிக்கிறது என்று கையில்லாத ஸ்டூல் வந்தது. கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை சரியில்லை என்று விதவிதமான வில்லைகள் வந்தன. அவை ஒவ்வொன்றாகச் சோபாவின் இடுக்குக்குள் போய்ச் சேர்ந்தன. வில்லையே வேண்டாம், நகம்தான் நல்லது என்று யாரோ சொல்ல, வலது கையில் மட்டும் நகம் வளர்க்க ஆரம்பித்தார். கிளட்சைச் சுட்டிக்காட்டும் மாஸ்டரின் விரலில் நீள நீளமாக நகத்தைக் கண்டு, கற்றுக்கொள்ள வந்த ஒரு காலேஜ் பெண் வகுப்பையே மாற்றிக்கொண்டு போய்விட்டாள். வளர்த்ததுதான் வளர்த்தீர்கள், நல்ல சிவப்பாகச் சாயம் பூசிவிடட்டுமா என்று கேட்டாள் மனைவி.

பிறகு டிக் டிக் என்று தாளம் சொல்லும் மெட்ரோனோம் வந்தது. மாஸ்டர் அதை ஜன்னலில் வைத்து முடுக்கிவிட்டால், பக்கத்து அறையில் தையல் மெஷின் தனக்கென்று ஒரு தாளத்தில் கடகடக்கும். கொஞ்ச நேரத்தில் மாஸ்டரின் விரல்கள் மெட்ரோனோமை விட்டுவிட்டு மெஷினோடு சேர்ந்து ஓடும். அவள் நூல் கோக்க நிறுத்தினால் அவரும் நிற்பார். உன் மெஷினால்தான் என் தாளம் கெடுகிறது என்று அவர் கத்த, உங்கள் டிக் டிக்கால் நான் ஒரு பேன்ட்டுக்கு மூன்று பாக்கெட் வைத்துவிட்டேன் என்று அவள் திருப்பிக் கத்தினாள். மறுநாள் மெட்ரோனோம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. பாட்டரி எப்படிக் காணாமல் போனது என்பதை மட்டும் அந்த வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

அப்புறம் செல்போனில் பாடம் நடத்தும் வாத்தியார்கள். தாடி வைத்த ஒருவர், நீங்கள் இத்தனை நாள் செய்ததெல்லாம் தப்பு என்று ஆரம்பிப்பார். அவர் சொன்னதெல்லாம் தப்பு என்று தாடியில்லாத ஒருவர் ஆரம்பிப்பார். கட்டைவிரலைக் கிட்டாரின் முதுகில் வை என்பார் ஒருவர், வைக்காதே என்பார் மற்றவர். மாஸ்டர் இரண்டு பேச்சையும் தட்டாமல் கேட்டதில் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

தான் வாசிப்பதைத் தானே பதிவுசெய்து கேட்டால் குறை தெரியும் என்று சொன்னவன் மச்சான். சொன்னதோடு நிற்காமல் பதிவும் செய்து, காதில் மாட்டியும் விட்டான். மாஸ்டர் கொஞ்சநேரம் கேட்டார். பிறகு, யார்டா இவன் என்றார். நீங்கள்தான் மாமா என்றான் மச்சான். சுலபமான இடத்தில் தலைதெறிக்க ஓடுவதும், வேகத்தடை நெருங்க நெருங்க, முன்னால் போலீஸ் நிற்பதைப் பார்த்தவன் மாதிரிப் பம்முவதும், நடுநடுவே புஸ் புஸ் என்று மூச்சு விடுவதுமாக யாரோ ஒரு ஆள் காதுக்குள் கிட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அன்று மாஸ்டர் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

ஆனால் விடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று, கார் ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட ஆள்காட்டி விரலுக்குப் பயிற்சி கொடுத்தார். சீட் பெல்ட்டை ஆறு கம்பிகளாக நினைத்துக்கொண்டு, குறுக்கே விரலைப் போட்டு, முகம் சிவக்க அமுக்குவார். அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்த பல் டாக்டரம்மா இதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். ஊரார் வாயில் தைரியமாகக் கையை விடுகிற அம்மா. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கை நடுங்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மாஸ்டர், நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்? இப்படி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே" என்று கேட்டேவிட்டார்.

உண்மையில் டாக்டரம்மா மோசமாகத்தான் ஓட்டினார். அதிலும் அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. பெரிய ரவுண்டானாவில் வண்டி அணைந்துவிட்டால், மறுபடி கிளப்பி மேலே போகமாட்டார். "இது வேண்டாம் மாஸ்டர், ஸ்கூல் வாசலுக்கே போய் முதல்லேருந்து வரலாம்" என்பார். ஸ்கூல் வாசலிலிருந்து ரவுண்டானா வரைக்கும் அவரைப் போல ஓட்ட ஆளில்லை. ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம் அவருக்கு உலகமே கிடையாது.

ஒரு சாயங்காலம் மாஸ்டர் இந்தக் கதையை மனைவியிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். இவ்வளவு படித்த அம்மாவுக்கு இந்தச் சின்ன விஷயம் ஏன் புரியவில்லை, தப்பு செய்கிற இடத்தைத் தாண்டிப் போய்ப் பழகினால்தானே தாண்ட வரும், திரும்பத் திரும்ப வாசலுக்கே ஓடினால் வாசல்தானே பழகும் என்று பொரிந்து தள்ளினார். மெஷினில் மகளின் வரவேற்பு உடையைத் தைத்துக்கொண்டிருந்தவள் காலை எடுத்தாள். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குலுங்கினாள். பிறகு தைத்துக்கொண்டிருந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எதுக்கு இப்படிச் சிரிக்கிற?"

"அந்த டாக்டரம்மா மாதிரி நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இருக்காங்க. பனியன் போட்டுக்கிட்டு." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "ஒரு தையல் தப்பிப் போச்சுன்னா, நான் துணியைத் திருப்பிக் கொடுத்துட்டு அளவெடுக்கறதுலேருந்தா ஆரம்பிக்கறேன்?"

மாஸ்டருக்கு அவமானமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அவர் வேகத்தடையைத் தாண்டப் பழகவே இல்லை. அங்கிருந்து திரும்பி ஓடத்தான் விரல்களை அருமையாகப் பழக்கி வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு பாடத்தைத் தலைகீழாகப் பிடித்தார். கடைசி வரியை முதலில் பழகுவது, அது வந்ததும் அதற்கு முந்தின வரியைச் சேர்ப்பது, அப்படியே பின்பக்கமாக ஏறி வருவது. ஆனால் முடிவு மகளின் காதில் முன்கூட்டியே விழக்கூடாது. ஆகவே, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் போன பிறகு, பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, பின்சீட்டில் உட்கார்ந்து வாசித்தார். கிட்டாரின் கழுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் முதுகில் 'கற்றுக்கொள்பவர், இடைவெளி விடவும்' என்று எழுதிய பலகை. அந்தப் பக்கமாக நாயோடு நடக்க வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு, நிஜமாகவே இடைவெளி விட்டுப் போனார்கள்.

பலன் இருந்தது, இல்லாமல் இல்லை. பின்பாதி படிந்தது. வேகத்தடையிலும் பாதி நாள் டங் என்றது, பாதி நாள் டொப் என்றது. ஆனால் முன்பாதியையும் பின்பாதியையும் கோத்து ஒரே மூச்சில் வாசிக்க மட்டும் ஒருநாளும் வரவில்லை. தனித்தனியாக இரண்டும் தங்கம், சேர்த்தால் பித்தளை. முதலிலிருந்து கிளம்பி வந்தால், டொப் கேட்ட மாத்திரத்தில் விரல்கள் எஜமானனைக் கேட்காமலே வாசலுக்கு ஓடிவிடும். தொட்டில் பழக்கம்.

வரவேற்பு நெருங்கியது. மச்சான் ஒருநாள் தனியாக வந்து உட்கார்ந்தான். மாமா, உங்கள் முன்பாதிப் பதிவு என்னிடம் இருக்கிறது, பின்பாதியை ஒரு தடவை பதிவுசெய்து கொடுங்கள், இரண்டையும் ஒட்டித் தயாராக வைக்கிறேன். நீங்கள் மேடையில் சும்மா கையை ஆட்டினால் போதும், காக்கா குருவிக்குக்கூடத் தெரியாது என்றான். மாஸ்டருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற மகளை ஏமாற்றச் சொல்கிறாயா என்று எகிறினார். மச்சான் அசரவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும், காரில் ஸ்டெப்னி வைத்துக்கொள்வதில்லையா என்று கேட்டான். மறுநாள் சாயங்காலம் மைதானத்திலிருந்து வந்தவர், பின்பாதியைப் பதிவுசெய்த செல்போனை மச்சானிடம் நீட்டினார். அவன் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

வரவேற்பு நாள் வந்தது. மண்டபத்தில் நாற்காலிகளுக்கு நடுவே வாசலிலிருந்து மேடை வரை நீளமாக ஒரு கம்பளம். மேடையின் ஓரத்தில் கையில்லாத ஸ்டூல், அதன்மேல் கோட்டுப் போட்ட மாஸ்டர். பனியனோடு வாசித்தே பழகியவருக்குக் கோட்டின் கை மணிக்கட்டில் உரசியது. மனைவி வந்து அதை ஒரு மடிப்பு மடித்து ஊசி குத்திவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பல் டாக்டரம்மா, லைசென்ஸ் வாங்கிய பெருமையோடு, தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எதிர் மூலையில் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மச்சான், ஒரு பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு மாமாவையே பார்த்தபடி நின்றான்.

கதவு திறந்தது. மகளும் மாப்பிள்ளையும் கைகோத்து நின்றார்கள். அம்மா தைத்த உடையில் மகள் ஜொலித்தாள். மாஸ்டர் கிட்டாரை மடியில் சரித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முதல் பாதிக்கு என்ன குறை. வீடியோக்காரர் இருவருக்கும் முன்னால் கம்பளத்தின்மேல் பின்பக்கமாக நடந்து வந்தார். அவர்கள் பாதி வழி வந்தபோது இரண்டாம் பாதியின் வாசல் வந்தது. மாஸ்டர் குனிந்து விரலைப் பார்த்தார். விரல் படுத்தது. டொப்.

எந்த யோசனைக்கும் இடம் கொடுக்காமல் விரல்கள் முதல் வரிக்குப் போய்விட்டன. மாஸ்டருக்கு விஷயம் உறைத்தபோது முதல் வரியே பாதி முடிந்திருந்தது. மகள் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அமரிக்கையாகத் திரும்பி வாசலுக்கு நடந்தாள். வாசலில் நின்று திரும்பி, மறுபடி முதலிலிருந்து நடந்து வர ஆரம்பித்தாள். இது ஏதோ முன்னேற்பாடு என்று நினைத்துச் சனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். வீடியோக்காரர் மட்டும் ஓட்டமாக ஓடி இடம் பிடித்தார்.

மறுபடி பாதி வழி. மறுபடி டொப். மறுபடி முதல் வரி. மகளும் மாப்பிள்ளையும் மறுபடி வாசலுக்குப் போனார்கள். இந்தத் தடவை கைதட்டல் குறைந்து கிசுகிசுப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஏதோ கேட்க, மாஸ்டரின் மனைவி தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா முன்நாற்காலியின் காலில் தன் காலை வைத்து, இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் காதோரம் வேர்வை வழிந்தது. மூலையில் மச்சான் புருவத்தை உயர்த்தினான். போடட்டுமா?

மூன்றாவது முறையாக வேகத்தடை வந்தது. டொப். மாஸ்டரின் கை நின்றுவிட்டது. தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னால் போதும், மீதியை மச்சான் பார்த்துக்கொள்வான். தலை ஆடப்போன நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார். மகள் கம்பளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் திரும்பவில்லை.

"அப்பா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை; மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "இனிமே நான் பின்னால போகமாட்டேன்ப்பா. நீங்க முன்னால வாங்க."

மாஸ்டர் மச்சானைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். மச்சான் விரலை எடுத்துவிட்டான்.

தெருவில் ஊராருக்கெல்லாம் சொன்னதைத் தனக்கே சொல்லிக்கொள்ள அவருக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. கியரைப் பார்க்காதே, ரோட்டைப் பார். அவர் விரலைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே விரலைப் படுக்கவைத்து அமுக்கினார். அப்போதும் முழு டங் வரவில்லை. இரண்டு கம்பி பேசியது, மற்றவை டொப் என்றன. விரல்கள் வாசல் பக்கம் துள்ளின. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். போனது போகட்டும், போயிட்டே இரு. நடுவில் ஒரு இடம் சறுக்கியது, அதையும் தாண்டினார். மகள் நடந்து வந்தாள். ஒவ்வொரு வரியும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தது. கடைசி வரியில் அவள் மேடைப் படியில் கால் வைத்தாள். மாஸ்டர் கடைசிக் கம்பியை மீட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிய என்ன வழி, அந்த முடிவை யாராவது கேட்டிருந்தால்தானே. எல்லாரும் மாஸ்டர் மறுபடி முதலிலிருந்து வருவார் என்று காத்திருந்தார்கள். வீடியோக்காரர் காமிராவை இறக்காமலே, "சார், முடிஞ்சுதா, இன்னொரு தடவை வாசலுக்கு ஓடணுமா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது" என்றார் மாஸ்டர். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் முன்வரிசையிலிருந்து மனைவி. "இதுக்கா இத்தனை வருஷம்?" சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். டாக்டரம்மா எழுந்து நின்று கைதட்டினார். பிறகுதான் மற்றவர்களும் தட்டினார்கள். தட்டோ தட்டென்று தட்டினார்கள்.

மகள் மேடையேறி நேரே அப்பாவின் ஸ்டூலுக்கு வந்து குனிந்தாள். நான் தூங்கின பிறகு தினமும் வாசித்தேன் என்று சொல்வீர்களே, அது இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதும் சுலபம்தான்.

"இல்லம்மா. நான் ஒருநாளும் வாசிச்சதில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை."

"தெரியும்பா" என்றாள் மகள். "நானும் ஒருநாளும் தூங்கினதில்ல. அந்த வேகத்தடை வந்ததும் உங்க மூஞ்சி போற போக்கைப் பார்க்க முடியாது. நான் கண்ணை மூடிக்கிட்டாத்தான் நீங்க நிம்மதியா எழுந்து போவீங்க. அதான் மூடிப்பேன்."

மாஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டும் சூட்டுமாக, இத்தனை சனத்துக்கு நடுவில் அழுதால் நன்றாகவா இருக்கும்? மறைக்க நினைத்துக் கிட்டாரின் மேல் குனிந்துகொண்டார். குனிந்ததும் விரல்கள், பாழாய்ப்போன விரல்கள், தாமாகவே முதல் வரிக்குப் போயின. மாப்பிள்ளை பாவம், திரும்பி வாசலுக்குக் கிளம்பினார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு உடை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, வேகத்தடை வரும்வரை கண்ணை மூடாமல் கேட்டாள். அது வந்தபோதும் மூடவில்லை.